வைக்கோலின் பூட்டு

அஜ்மானுக்கு அயலிலுள்ள சார்ஜாவின் மலீஹா பாலையில் 2022இல் 400 ஹெக்டேயரிற் கோதுமை விதைத்தார்கள். மணி மாவாகும், வைக்கோல் என்னவாகும்? முன்னர் விரிவுரையாளனாகவும் இன்று இங்கு தொழிற்சாலைத் தொழிலாளியாகவும் உள்ள எனக்கு இது நம்மூர்க் கேள்வியுங்கூட.

வைக்கோலிற் செலுலோசு நிறைய உண்டு. இலிக்னின் அதைப் பூட்டி வைத்திருப்பதால் மாட்டின் இரைப்பை நுண்ணுயிர்கள் அதை முழுதாகப் பயன்படுத்த முடிவதில்லை. முதலாம் உலகப்போர்க்காலத் தீவனப் பஞ்சத்தில் ஜேர்மனியர் எரிசோடாவால் அப்பூட்டைத் தளர்த்தினர். சிறு விவசாயிக்கு யூரியா போதும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரிற் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று கிழமை மூடிவைத்தால், நொதியம் யூரியாவை அமோனியாவாக்கும். அது பிணைப்புகளைத் தளர்த்தும், நைதரசனும் சேரும். பின் காற்றாட விட்டு ஊட்டலாம்.

நெல் வைக்கோலுக்கும் இதே முறைதான். 1980களில் இலங்கையில் ஆராயப்பட்டது. ஆயினும் சூடடித்த களத்தில் வைக்கோலை எரித்துவிட்டுப் பால்மாவை இறக்குமதி செய்கிறோம்.

யூரியாவும் இறக்குமதிதானே என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமே, 2021இன் இரசாயனப் பசளைத் தடை அத்தங்கியிருத்தலை அம்பலப்படுத்தியது. ஆனால் 4 கிலோ யூரியாவையும் மாதந்தோறும் வாங்கும் பால்மாவையும் ஒரே தராசில் வைக்கலாமா? தாயகப் பொருளாதாரம் பற்றிய நமது விவாதம் இக்கணக்கிலிருந்தும் தொடங்கட்டும்.