சுவரை உரிக்க வந்தவர்கள்

2005 ஆகஸ்ட் 29 காலையில் கத்ரீனா புயல் கரையைக் கடந்தபோது, நியூ ஆர்லியன்ஸ் தப்பித்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். அந்த நேரத்தில் நகரத்துக் கால்வாய்களின் வெள்ளத் தடுப்புச் சுவர்கள் சரிந்துகொண்டிருந்தன. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வடிவமைத்த சுவர்கள் அவை. வடிவமைப்பிலேயே கோளாறு இருந்ததை அடுத்த ஆண்டு அந்தப் படையே ஒப்புக்கொண்டது. நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீருக்குள் போனது. சில தெருக்களில் பத்தடிக்கும் மேல் நின்ற தண்ணீர் வடிய வாரக்கணக்கில் ஆயிற்று. லூசியானா, மிசிசிப்பி கரையோரங்களையும் சேர்த்து 1,300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

ஹெலிகாப்டர்களும் கூரைமேல் நின்று கையசைத்தவர்களும் உலகத் தொலைக்காட்சிகளில் வந்தார்கள். அதற்குப் பின் நடந்ததை அதிகம் பேர் பார்க்கவில்லை. தண்ணீர் வடிந்த வீட்டுக்குள் யாராவது போயாக வேண்டும். வெளியூர்களிலிருந்து வேனிலும் பேருந்திலும் வந்து அதைச் செய்தவர்களில் பெரும் பகுதியினர் தேவாலயக் குழுக்களைச் சேர்ந்தவர்கள்.

அமெரிக்க வீடுகளின் உட்சுவர் செங்கல் அல்ல. மரச்சட்டங்களை நிறுத்தி, இருபுறமும் ஜிப்சம் போர்டு அடித்திருப்பார்கள். காகிதமும் ஜிப்சமுமாக இருக்கும் அந்தப் பலகை நனைந்தால் தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும். பூட்டிய வீடு, ஆகஸ்ட் மாத வெக்கை, மின்சாரம் கிடையாது. சில நாட்களில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் கூரைவரை ஏறிவிடும். அதன்மேல் பெயின்ட் அடித்துப் பயனில்லை. சுவரை மரச்சட்டம் தெரியும்வரை உரித்தெடுக்க வேண்டும்.

குழு உள்ளே போகுமுன் வாசற்சுவரில் ஸ்பிரே பெயின்ட்டில் பெரிய பெருக்கல் குறி இருக்கும். மீட்புப் படையினர் இட்ட குறி. அதன் ஒரு மூலையில் படையின் பெயர், மேலே தேதி, இன்னொரு பக்கம் உள்ளே இருக்கும் ஆபத்து, கீழே எத்தனை பேர் கிடைத்தார்கள் என்ற எண். கீழே பூஜ்யம் என்றால் நிம்மதி. முதலில் மின்சாரமும் எரிவாயுவும் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு குளிர்சாதனப் பெட்டி. அதைத் திறக்கவே கூடாது என்பது எல்லாக் குழுக்களும் அறிந்த விதி. வாரக்கணக்கில் அழுகிய இறைச்சியும் மீனும் உள்ளே இருக்கும். கதவை டேப் சுற்றி ஒட்டி, நாலு பேர் சேர்ந்து தெருவோரத்துக்குத் தள்ளுவார்கள். அந்த ஆண்டு நகரம் முழுக்கத் தெருவோரங்களில் இப்படி டேப் சுற்றிய பெட்டிகள் வரிசை கட்டி நின்றன.

அடுத்து சோபா, மெத்தை, சேறு, கடைசியில் சுவர். ஒருவர் கடப்பாரையால் பலகையைப் பெயர்க்க, இன்னொருவர் ஒற்றைச் சக்கர வண்டியில் வாரிக்கொண்டு போவார். சட்டங்களில் மிஞ்சிய ஆணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். ஒன்று துருத்தி நின்றாலும் புதுப் பலகை படியாது. பிறகு மருந்தடித்துக் காயவிட்டு, மரத்தின் ஈரத்தைக் கருவி வைத்து அளந்து, போதுமான அளவு காய்ந்த பிறகே புதுச் சுவர்.

இந்த வேலையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி ஒன்று உண்டு. நல்ல குழுக்கள் வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் குப்பையில் போடாது. சேற்றிலிருந்து எடுத்த போட்டோ, கோப்பை, பத்திரம் எல்லாவற்றையும் தனியாக வைத்துவிட்டு, வீட்டுக்காரர் பார்க்கும்வரை காத்திருக்கும். அவர் பேசத் தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்கும். ஒப்பந்தக்காரருக்கு இதற்கு நேரம் கிடையாது.

அவசரமும் இருந்தது. 2006-ல் நகரசபை ஒரு சட்டம் போட்டது. புயலின் முதலாண்டு நாளுக்குள் வீட்டைச் சுத்தம் செய்து, உரித்து, அடைத்து வைக்காவிட்டால் அது கைவிட்டுப் போகலாம், இடிபடவும் செய்யலாம் என்றது சட்டம். ஹூஸ்டனிலும் அட்லாண்டாவிலும் ஒதுங்கியிருந்த வயதானவர்கள் என்ன செய்வார்கள்? ஆள் வைத்து உரிக்க ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தொண்டு அமைப்பு உட்பட இலவசமாக உரித்துக் கொடுத்தவர்களை நோக்கித்தான் அவர்கள் கை நீட்டினார்கள்.

இவ்வளவு பேரை இவ்வளவு காலம் அனுப்பத் தேவாலயக் குழுக்களால் முடிந்தது எப்படி? ஒரே நாளில் முளைத்த ஏற்பாடு அல்ல இது. மென்னோனைட் பேரிடர் சேவை அமைப்பு 1950-ல் கான்சஸ் மாநிலத்தின் ஹெஸ்டனில், ஞாயிறு வகுப்பு நண்பர்கள் போன ஒரு பிக்னிக்கில் பிறந்தது. மென்னோனைட்டுகள் போரில் ஆயுதம் தொட மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினர். இரண்டாம் உலகப் போரின்போது துப்பாக்கிக்குப் பதிலாக வேறு பணிகளைச் செய்த தலைமுறை அது. அமைதிக் காலத்திலும் அயலாருக்கு உழைக்க வேண்டும் என்று எண்ணியது. இவர்களிடம் தச்சர்களும் விவசாயிகளும் அதிகம். பனிக்காலத்தில் வயல் வேலை ஓய்ந்ததும் கிளம்பி வந்து, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வீடு கட்டுவார்கள். தெற்கத்திய பாப்டிஸ்டுகளுக்குச் சமையல் கைவந்த கலை. 1967-ல் பியூலா புயல் டெக்சஸைத் தாக்கியபோது சின்னச் சின்ன அடுப்புகளில் தொடங்கினார்கள். கத்ரீனாவின்போது லாரியில் ஏற்றிய நடமாடும் சமையற்கூடங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சாப்பாடுகளைச் சமைத்தார்கள். அதில் பெரும்பங்கை வீதிவீதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தது செஞ்சிலுவைச் சங்கம். மெத்தடிஸ்டுகளோ ஊர் ஊராக வெள்ள வாளி சேர்ப்பார்கள். மூடி போட்ட பெரிய வாளிக்குள் தேய்க்கும் பிரஷ், கையுறை, குப்பைப் பை, கொடிக்கயிறு, துணிக் கிளிப். கயிறும் கிளிப்பும் எதற்கு என்பது நனைந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

ஞாயிறு ஆராதனையில் ஓர் அறிவிப்பு வந்தால் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் கை தூக்குவார். படுக்க ஆலய மண்டபம், ஒரு வாரக் குழு போனால் அடுத்த வாரக் குழு. அரசாங்கம் பணம் கொடுத்தாலும் இப்படியொரு வலையைச் சட்டென்று பின்ன முடியாது.

இதைச் சொல்லும்போது ஒரு கேள்வியையும் தள்ளிவிடக் கூடாது. உதவியோடு மதமும் வருகிறதா? சில பாப்டிஸ்ட் குழுக்கள் வேலை முடிந்ததும் எல்லோரும் கையெழுத்திட்ட பைபிளை வீட்டுக்காரருக்குக் கொடுப்பது வழக்கம். விரும்பி வாங்குபவருக்கு அது அன்புப் பரிசு. வேறு வழியில்லாமல் வாங்குபவருக்கு? உதவியை எந்த மதக் கருத்தையும் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று 1994-ல் வகுக்கப்பட்ட செஞ்சிலுவை நடத்தை விதி சொல்கிறது. அந்தக் கோட்டை மதித்துக் கடப்பாரை பிடித்தவர்களுக்கே என் வணக்கம்.

இன்னொரு கவலை இதைவிடப் பெரியது. தொண்டர்களின் உழைப்பு அரசின் கடமையை மறைத்துவிடக் கூடாது. லூசியானாவின் ‘ரோடு ஹோம்’ திட்டம் வீடு கட்டப் பணம் கொடுத்தது. ஆனால் புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு இரண்டில் எது குறைவோ அதை வைத்துக் கணக்கிட்டது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் வீட்டு மதிப்பு குறைவு. ஆணிக்கும் பலகைக்கும் விலை எல்லா இடத்திலும் ஒன்றுதான். பாட்டன் வீட்டுக்குப் பட்டா மாற்றாமல் குடியிருந்தவர்கள் பாடு இன்னும் மோசம். இந்தக் கணக்கீட்டை எதிர்த்து 2008-ல் வழக்குப் போடப்பட்டது. 2011-ல் 6 கோடியே 20 லட்சம் டாலரில் சமரசம் ஆயிற்று. புயலடித்து ஆறு ஆண்டுகள். அத்தனை காலம் அந்தக் குடும்பங்களுக்கு இருந்த கூரைகளில் பல, முன்பின் தெரியாதவர்கள் விடுமுறை எடுத்து வந்து போட்டது. இது அவர்களுக்குப் பெருமை, அரசுக்கு அவமானம்.

வெளியிலிருந்து வந்தவர்களோடு, உள்ளேயே எழுந்து நின்ற ஒரு தேவாலயத்தையும் சொல்ல வேண்டும். நகரின் கிழக்கு ஓரத்தில் வெர்சாய் என்று அழைக்கப்படும் பகுதி. 1975-க்குப் பின் அகதிகளாக வந்த வியட்நாமியக் கத்தோலிக்கர்களின் குடியிருப்பு. பங்குத்தந்தை வியென் நுயென் தலைமையில் அவர்கள் அக்டோபரிலேயே திரும்பி வந்து பூசை கண்டார்கள். திரும்பியவர்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டி மின் இணைப்பு கேட்டு வாங்கினார்கள். நகரின் இடிபாடுகளைக் கொட்ட அவர்கள் பக்கத்திலேயே 2006 பிப்ரவரியில் மேயர் அவசர அதிகாரத்தில் குப்பைக் கிடங்கை அனுமதித்தபோது, மூதாட்டிகள் முதல் கல்லூரி மாணவர்கள் வரை நகராட்சி வாசலில் நின்றார்கள். ஆகஸ்டில் கிடங்கு மூடப்பட்டது.

அந்த ஆண்டே பங்கு மக்கள் ஒரு மேம்பாட்டு நிறுவனத்தையும் தொடங்கினார்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்தின் எண்ணெய்க் கிணறு வெடித்து இறால் தொழில் முடங்கியது. இங்கிலீஷ் தெரியாத வியட்நாமிய மீனவர்களுக்கு இழப்பீட்டுப் படிவங்களை மொழிபெயர்த்துக் கொடுக்க, இந்த முறை யாரும் வெளியூரிலிருந்து வரக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.