'நீயே எழுதிக் குடுத்துரு'

இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகள் 2014 மண்சரிவுக்கு முன்பும் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள், பின்பும் போகிறார்கள். கடை, ஹோட்டல், கார்மென்ட்ஸ். ஆட்குறைப்பு வரும்போது முதலாளி சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, நீயே எழுதிக் குடுத்துரு. உன் பேருக்கும் நல்லது."

யாருக்கு நல்லது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க: கனடாவில் நியாயமான காரணமின்றி வேலையைத் தானாக விட்டவருக்கு வேலையிழப்புக் காப்புறுதி கிடையாது. ஆனால் முதலாளியின் நெருக்குதலால் விட்டிருந்தால் அதை நியாயமான காரணமாக அங்கே சட்டமே ஏற்கிறது. இலங்கையில் அப்படியொரு கொடுப்பனவே இல்லை. அந்த இடத்தில் இருப்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். 15 பேருக்குக் குறையாத நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். நட்டஈட்டுக்கு ஆணையாளர் பயன்படுத்தும் சூத்திரத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 40,000 ரூபாய்க்கு நாலு வருடம் உழைத்த பிள்ளைக்கு அது 4 இலட்சம்.

இராஜினாமாக் கடிதத்தைத்தான் முதலாளி அந்தச் சம்மதமாக நீட்டுவார். அதனால்தான் இவ்வளவு அன்பாகக் கேட்கிறார்கள்.

பிறகு என்ன மிஞ்சும்? பணிக்கொடைக்கு ஐந்து வருடம் நிறைய வேண்டும், ஆகவே நாலு வருடப் பிள்ளைக்கு அது இல்லை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணம் ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதுவரை பொதுவாகக் கைக்கு வராது. வேலை போனது அதற்குக் காரணமாகாது. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) மட்டும் வேலையை விட்டதும் எடுக்கலாம், அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. முதலாளி மாதம் 3 சதவீதம் கட்டியிருந்தால் 57,600 ரூபாயும் வட்டியும்.

தோட்டத்தில் பேர் பதிந்தவர்களுக்கு இன்னொன்று சொல்லவேண்டும். ஐந்து வருடம் நிறைந்திருந்தால், எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாலும் சேவைக்காலப் பணம் என்கிற பணிக்கொடை போகாது. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இருபது வருடத்துக்கு 3,78,000. முப்பது நாளுக்குள் கொடுக்கவேண்டும், பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். 'தானா நின்டவங்களுக்குக் கிடையாது' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கையெழுத்தே போட்டாயிற்று என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. மிரட்டி வாங்கிய இராஜினாமாவைப் பணிநீக்கமாகக் கொள்ளும்படி தொழில் நியாயமன்றில் கேட்கலாம். தொழிற்சங்கத் தலைவரே உங்களுக்காகப் பேசலாம். ஆனால் வற்புறுத்தினார்கள் என்று காட்டவேண்டியது நீங்கள்தான். கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தால் அது மலையேறுவதுபோலத்தான். வேறு வழியில்லாமல் எழுதுவதானால் 'நிர்வாகம் கேட்டுக்கொண்டதால்' என்று எழுதி, ஒரு பிரதியைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனுக் கொடுக்க ஆறு மாதம்தான் தவணை. வேலை நின்ற நாளிலிருந்து எண்ணுவார்கள்.