ஒரு தடவைக்கு 120 லிட்டர்!

கொல்லிமலை அடிவாரத்தில், துறையூர் பக்கம் இருக்கும் புளியஞ்சோலைக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? பாறைகளுக்கிடையே சலசலவென்று இறங்கி வரும் தண்ணீரில் கூழாங்கற்கள்கூடத் தெளிவாகத் தெரியும். "இதை அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாமே!" என்று தோன்றுகிறதா? கூடவே கூடாது!

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 'டயாலிசிஸ்' செய்வார்கள். மெல்லிய சவ்வின் ஒருபுறம் இரத்தம் ஓடும். மறுபுறம் சில உப்புகள் கலந்த நீர் ஓடும். இரத்தத்தின் கழிவுகள் சவ்வைக் கடந்து நீரில் சேரும். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால் 4 மணி நேரத்துக்கு? கணக்குப் போடுங்கள், 120 லிட்டர்! நாம் குடிப்பதை முதலில் குடல் சலித்துத் தருகிறது. இங்கே அந்தக் காவல் இல்லை. நீரில் நஞ்சு இருந்தால் நேரே இரத்தத்துக்குள் போய்விடும்.

காய்ச்சினால் போதாதா? கிருமி சாகும், உப்பும் உலோகமும் போகாது. இன்னொரு வேடிக்கை கேளுங்கள். குடிநீரைக் காக்கும் குளோரின், இங்கே சிவப்பணுக்களை உடைக்கும் எதிரி! ஆகவே, மணல் வடிகட்டிக்குப் பின் கரித்தூள் தொட்டியில் குளோரினை நீக்குவார்கள். பிறகு 'ஆர்.ஓ.' சவ்வு வழியே நீரை அழுத்தி உப்புகளைப் பிரிப்பார்கள்.

1996-ல் பிரேசிலின் கருவாரு நகரில், நீர்த்தேக்கத்தில் வளர்ந்த நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு, சரியாகச் சுத்திகரிக்காத தண்ணீரோடு டயாலிசிஸ் நிலையத்துக்குள் வந்துவிட்டது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கரித்தூளும் நாளாக நாளாகச் சக்தி இழக்கும். அதனால், நோயாளியைப் படுக்க வைக்கும் முன்பே நீரில் குளோரின் இருக்கிறதா என்று ஊழியர் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.