முதலில் கணக்கு, பிறகு கல்
வீடு திருத்தப் போகும் குடும்பங்களுக்கு யாழ்ப்பாணம் சொல்லும் பாடம்

கூரைத் தகரத்தை மாத்தணும், குசினியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டணும், இஸ்தோப்பை மறைச்சுப் பிள்ளைகள் படிக்க ஒரு காம்பரா எடுக்கணும். இந்தப் பேச்சு வராத வீடு நம்ம தோட்டங்களில் குறைவு. தீபாவளி முற்பணம் வந்தாலோ, சீட்டு விழுந்தாலோ, கொழும்பில் வேலை செய்யும் மகன் காசு அனுப்பினாலோ உடனே மேசன் பாஸைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கி விடுகிறோம். சுவர் இடுப்பளவு எழும்பும்போது காசு முடிந்து விடுகிறது. அப்புறம் என்ன? வட்டிக்கடன்தான்.

இது நமக்கு மட்டும் உள்ள கஷ்டம் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே காலத்தில் வீடு கட்டின, உடைந்த வீட்டைத் திருத்தின. அங்கே நல்லபடியாக நடந்ததும், தவறிப் போனதும் நமக்கு உதவும். 2010ஆம் ஆண்டு இந்திய அரசு இலங்கைக்கு அறிவித்த 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு, 4,000 மத்திய, ஊவா மாகாணங்களில் உள்ள தோட்டக் குடும்பங்களுக்கு. அதாவது அவர்கள் வீடும் நம்ம வீடும் ஒரே திட்டத்தில் வந்தவை. அவர்கள் முதலில் கட்டினார்கள். நாம் பின்னால் கட்டுகிறோம்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது என்ன?

வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள், 2009க்குப் பிறகு காணிகள் கொஞ்சம் கொஞ்சமாக விடப்பட்டபோதுதான் திரும்பி வந்தன. மயிலிட்டி போன்ற இடங்களுக்கு 2017இல்தான் போக முடிந்தது. போய்ப் பார்த்தால் பல வீடுகளுக்குக் கூரை இல்லை, நிலை இல்லை, கதவு யன்னல் இல்லை. வீட்டுக்குள்ளே மரம் வளர்ந்து நின்றது.

இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரும் பகுதி 2012 ஒக்டோபர் 2ஆம் திகதி ஆரம்பமானது. புது வீட்டுக்கு 5,50,000 ரூபா, திருத்த வேலைக்கு 2,50,000 ரூபா. இந்தக் காசு கொந்தராத்துக்காரரிடம் போகவில்லை. வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அதுவும் மொத்தமாக அல்ல, கட்டம் கட்டமாக. அத்திவாரம் முடிந்ததைப் பார்த்த பிறகு அடுத்த தவணை, சுவர் எழும்பிய பிறகு அதற்கடுத்தது. வீட்டுக்காரர்தான் மேசனைப் பிடிக்க வேண்டும், சாமான் வாங்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும்.

இதனால் நன்மை உண்டானது. வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் வளவிலேயே சீமெந்துக் கல் அரிந்தார்கள், கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், பழைய வீட்டுக் கல்லைத் துப்புரவாக்கித் திரும்பவும் பயன்படுத்தினார்கள். கூலி மிச்சமானது.

ஆனால் மூன்று இடத்தில் பலருக்குக் கால் சறுக்கியது.

முதலாவது, அளவு. திட்டத்தில் சொன்னது ஏறக்குறைய 550 சதுர அடி. "கட்டுறதே ஒரு தரம், நாளைக்கு மகளுக்குச் சீதனமாகக் குடுக்க வேணும்" என்று அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டவர்கள் பலர். அத்திவாரம் பெருத்தால் சுவர் பெருக்கும், கூரை பெருக்கும், பூச்சும் பெருக்கும். தவணைக் காசு மட்டும் பெருக்காது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கருங்கல் வேண்டுமென்றால் வன்னிப் பக்கமிருந்து லொறியில் வரவேண்டும். கிணறு இறைக்கவும், பற்றை வெட்டவும், வேலி அடைக்கவும் வேறாகக் காசு வேண்டியிருந்தது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வீடு கட்டியதால் மேசன் கூலியும் சாமான் விலையும் ஏறின. கடைசியில் குடிபூரல் சாப்பாட்டுச் செலவும் வந்து நின்றது.

மூன்றாவது, கடன். குறையை நிரப்ப நகை அடகுக்குப் போனது. நுண்கடன் வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்த வீடுகளும் உண்டு. வடக்கிலும் மற்ற இடங்களிலும் பெண்கள் பட்ட கடன் தொல்லை பெரிதாகி, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க முன்வந்தது. அந்தக் கடன் முழுக்க வீட்டால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் முடியாத வீடும் அதில் ஒரு காரணம்.

நாம் செய்ய வேண்டியது

1. அனுமதியும் மண்ணும்
லயக் காம்பராவில் கை வைக்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி எடுங்கள். இடிக்கச் சொன்னால் போட்ட காசு போச்சு. இன்னொன்றும் முக்கியம். குசினியைப் பெருப்பிக்க லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்கவில்லை. சரிவில் வெடிப்புத் தெரிந்தாலோ, புதிதாக ஊற்று வந்தாலோ வீட்டு வேலையை நிறுத்திவிட்டு உடனே அறிவியுங்கள். இப்படியான இடங்களைச் சோதிப்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்.

2. எது முதலில்?
ஒழுகும் கூரை, தண்ணீர் ஓடும் கான், மலசலகூடம், புகை வெளியேறும் அடுப்படி. இவை முதலில். மாபிளும் பெயின்ரும் கடைசியில். ஒழுகும் கூரைக்குக் கீழே போட்ட பூச்சு இரண்டு மழைக்குத் தாங்காது. யாழ்ப்பாணத்தில் உடைந்த வீட்டைத் திருத்தியவர்களுக்கும் இதே வரிசைதான். வேர் இறங்கி வெடித்த சுவரைச் சரி பார்க்காமல் மேலே புதுக்கூரை ஏற்றினால் இரண்டும் நட்டம்.

3. அளந்து எழுதுங்கள்
ஓர் உதாரணம் பார்ப்போம். பழைய சுவரோடு சேர்த்து 10 அடிக்கு 10 அடியில் ஒரு குசினி. புதுச்சுவர் மூன்று, உயரம் 8 அடி. 30 அடியை 8ஆல் பெருக்கினால் 240 சதுர அடி. கதவுக்கு 20, யன்னலுக்கு 12 கழித்தால் மிச்சம் 208. 16 அங்குலத்துக்கு 8 அங்குலக் கல் என்றால் 234 கல் வேண்டும். உடைவதற்கும் சேர்த்து 250 வாங்கலாம். "பாஸ் 400 கல் வேணும்னு சொல்றாரு" என்றால், ஏன் என்று கேட்க உங்களிடம் இப்போது கணக்கு இருக்கிறது. கூரைக்கு 10 அடி போதாது. சாரல் அடிக்காமல் இரு பக்கமும் ஒவ்வொரு அடி நீட்டினால் 12 அடி.

இப்படியே சீமெந்து, மணல், கம்பி, தகரம், மரம், ஆணி, கதவு, கூலி எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி, இரண்டு கடையில் விலை கேளுங்கள். லொறிக்கூலியும், லொறி நிற்கும் இடத்திலிருந்து லயம் வரை சுமக்கும் கூலியும் நம்ம மலையில் சின்னக் காசு இல்லை. பாஸுக்குத் தேத்தண்ணி, சாப்பாடு, பால் காய்ச்சும் செலவு, இவையும் பட்டியலில் வரட்டும்.

4. பத்தில் ஒன்றைத் தொடாதீர்கள்
கையில் 1 இலட்சம் இருந்தால் 90,000க்கு மட்டும் வேலையைத் திட்டமிடுங்கள். 10,000 தனியே இருக்கட்டும். 2021இல் ஏறக்குறைய 1,000 ரூபாவுக்கு வாங்கிய ஒரு மூட்டை சீமெந்து, 2022இல் 3,000 ரூபா அளவுக்கு ஏறியதைப் பார்த்தோமே! பாதியில் நின்ற வீடுகள் எத்தனை! விலை ஏறும் காலத்தில் பத்தில் ஒன்றுகூடப் போதாது. அப்போது வேலையைக் குறைக்க வேண்டும், கடனைக் கூட்டக் கூடாது.

5. ஒரு கட்டம் முடிந்து மறு கட்டம்
யாழ்ப்பாணத்துத் தவணை முறையை நாமே நமக்கு வைத்துக் கொள்ளலாம். இந்த வருஷம் கூரை, அடுத்த வருஷம் குசினி. எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதற்குள் குடும்பம் இருக்கக் கூடியதாக வேலை முடிந்திருக்க வேண்டும். பாஸுக்கும் அப்படியே. முழுக் கூலியையும் முன்னால் கொடுக்காதீர்கள். அத்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று பேசி, எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்.

6. கடன் எடுத்தே ஆகவேண்டுமா?
அப்படியானால் நல்ல மாதத்துச் சம்பளத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். கொழுந்து இல்லாமல் வேலை நாள் குறைந்த மாதத்துச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அந்த மாதத்திலும் அரிசி, மா வாங்கி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு போக எவ்வளவு மிஞ்சுகிறதோ, அதுதான் உங்களால் கட்டக் கூடிய தவணை. ஒன்றும் மிஞ்சாவிட்டால் கடன் வேண்டாம்.

ஊழியர் சேமலாப நிதியில் 10 வருஷம் பணம் செலுத்தி, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா உள்ளவர்கள் வீட்டுத் தேவைக்கு 30 சதவீதம் வரை எடுக்க வழி உண்டு. என்ன பத்திரங்கள் வேண்டும் என்பதைத் தொழில் அலுவலகத்தில் கேட்டுக் கொள்ளுங்கள். அதற்கு வட்டி இல்லைதான். ஆனால் அது வயசான காலத்துக் கஞ்சிக் காசு. ஒழுகும் கூரைக்கு எடுக்கலாம், மாபிளுக்கு எடுக்க வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போட பெரிய படிப்பு வேண்டாம். பிள்ளையின் பழைய கொப்பி ஒன்று போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டுக்குக் கொழுந்துக் காசு கொண்டு வருகிற பெண்ணைக் கேட்காமல் எந்த முடிவும் வேண்டாம், ஏனென்றால் கடன்காரன் கதவைத் தட்டும்போது அநேகமாக வெளியே வந்து பதில் சொல்கிறவர் அவர்தான். எழுதி முடித்ததும் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் காட்டி ஒருமுறை சரி பாருங்கள். அதன் பிறகு பாஸைக் கூப்பிடலாம்.