ஈ 471: இலக்கம் மட்டும் போதாது

கேக் ஜெல் வாங்க வந்த பேக்கரிக்காரர் ஒருவர் டின்னைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஹாஜியார், இதுல ஈ 471 என்று இருக்கே. அது ஹராமாமே?" என்று கேட்டார். இருபது வருடமாக அந்தச் சாமானை விற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஈ இலக்கம் என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கு ஐரோப்பாவில் கொடுக்கப்பட்ட அடையாளம். ஹலால், ஹராம் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 471 என்பது மோனோ, டைகிளிசரைட். எண்ணெயை அல்லது கொழுப்பைக் கிளிசரினுடன் சூடாக்கி எடுப்பார்கள். பாண் மிருதுவாக இருக்கவும், மாஜரினில் தண்ணீரும் கொழுப்பும் பிரியாமல் நிற்கவும் இதைப் போடுகிறார்கள்.

கொழுப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பாம் எண்ணெய், சோயா எண்ணெய் என்றால் பிரச்சினையில்லை. பன்றிக் கொழுப்பு ஹராம். மாட்டுக் கொழுப்பென்றால் மார்க்க முறைப்படி அறுத்ததா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் இலக்கம் ஒன்றே. ஆகவே மூலம் தெரியாதவரை அது சந்தேகத்துக்குரியது; நேரடியாக ஹராம் என்று நோட்டீஸ் அடிப்பதும் பிழை.

"தொழிற்சாலையில் பொருளே மாறிவிடுகிறதே" என்று படித்த தம்பிமார் கேட்பதுண்டு. இஸ்திஹாலா என்னும் இந்த விடயத்தில் ஹனபி மத்ஹபில் இடம் கூடுதல். நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் வாசல் மிகக் குறுகியது. அதை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். வியாபாரி பத்வா கொடுக்கப் போனால் கடையும் நடக்காது, மார்க்கமும் நிற்காது.

நமது வேலை கடதாசி கேட்பது. மூலம் தாவரமா என்று உற்பத்தியாளரின் கடிதத்தை இறக்குமதியாளரிடம் கேளுங்கள். ஹலால் சான்றிதழ் காட்டினால் சாமானின் பெயரையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். அதே கொம்பனியின் வேறு சாமானுக்குரிய சான்றிதழைப் போட்டோப் பிரதி எடுத்து என்னிடமே நீட்டியிருக்கிறார்கள். உள்நாட்டுச் சான்றிதழ் என்றால், ஜம்இய்யத்துல் உலமா 2013 முடிவோடு அந்தப் பணியை நிறுத்திவிட்டது. 2014 முதல் ஹலால் அங்கீகார சபை அதைச் செய்கிறது. இந்தியப் பொருட்களில் பச்சைப் புள்ளி இருந்தால் 471 விலங்குக் கொழுப்பல்ல என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மதுசாரம் கலந்ததா என்பதை அந்தப் புள்ளி சொல்லாது.

பெரிய குழப்பம் நம் கடைகளில்தான். 25 கிலோ மூடையைப் பிரித்து, லேபல் இல்லாமல் ஒரு கிலோப் பையில் கட்டி விற்கிறோம். நானும் செய்தவன். இப்போது மூடையின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் ஒவ்வொரு பையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

பேக்கரிக்காரர் கேட்ட டின்னுக்குக் கடிதம் வந்தது; பாம் எண்ணெய்தான். வேறு இரண்டு சாமான்களுக்குக் கடிதம் வரவேயில்லை. அவற்றின் பெட்டிகள் இன்னும் பின்னறையில் கிடக்கின்றன. கொண்டு வந்தவர் திருப்பி எடுக்க மாட்டாராம்.