லினக்சில் வெளிப்புறக் காப்பு வன்தட்டின் பழுதறிதல்

வெளிப்புறக் காப்பு வன்தட்டு என்பது கணினியிலுள்ள கோப்புகளின் மறுபடியைப் பாதுகாக்க யூஎஸ்பி வழியாக இணைக்கப்படும் சேமிப்பகம் ஆகும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட இதை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். இவ்வாறு ஒரே வன்தட்டை இரண்டு இயங்குதளங்களில் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது, அது லினக்சில் திறக்காமல் போவதுண்டு. காரணம் அறியாமல் ஃபார்மேட் செய்தால் கோப்புகள் அழிந்துவிடும். எனவே கீழ்க்காணும் வரிசையில் சோதிப்பது நல்லது.

கம்பியும் மின்சாரமும்

2.5 அங்குல வன்தட்டுகள் யூஎஸ்பி துளையிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியரும், யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லி ஆம்பியரும் தரக்கூடியவை. மின்சாரம் போதாவிட்டால் தட்டு சுழலத் தொடங்கி நின்றுவிடும். வேறு கம்பியையும் வேறு துளையையும் முதலில் முயல வேண்டும்.

கணினி தட்டை அறிகிறதா?

முனையத்தில் எல்எஸ்பிஎல்கே என்னும் கட்டளையை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றி இட்டால், இணைந்துள்ள தட்டுகளும் அவற்றின் கொள்ளளவும் பட்டியலாகத் தெரியும். அதில் தட்டு இல்லையெனில் கோளாறு கம்பி, மின்சாரம் அல்லது தட்டின் மின்சுற்றில் இருக்கலாம். பட்டியலில் இருந்தும் திறக்கவில்லையெனில் கோப்பு முறைமையைக் கவனிக்க வேண்டும்.

கோப்பு முறைமை

எக்ஸ்ஃபேட் முறைமைக்கான ஆதரவு லினக்ஸ் கருவில் 2019-இல் வெளியான 5.4 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய பதிப்புகளில் அதற்கெனத் தனி மென்பொருள் நிறுவ வேண்டும்.

என்டிஎஃப்எஸ் தட்டைப் படிக்க முடிந்தும் எழுத முடியாவிட்டால், அது விண்டோசில் முறைப்படி விடுவிக்கப்படாமல் இருக்கலாம். விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியும் இதற்குக் காரணமாகலாம். தட்டை மீண்டும் விண்டோசில் இணைத்து, பிழை சரிபார்ப்பை இயக்கி, பாதுகாப்பாக விடுவித்தால் பொதுவாகச் சரியாகும். லினக்சிலுள்ள என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கருவி சிறு பிழைகளை மட்டுமே நீக்கும். விண்டோசின் முழுச் சரிபார்ப்புக்கு அது ஈடாகாது.

தட்டே பழுதாகும்போது

தட்டு டக் டக் என்று ஒலித்தாலோ, டிஎம்இஎஸ்ஜி கட்டளை காட்டும் பதிவுகளில் வாசிப்புப் பிழைகள் திரும்பத் திரும்ப வந்தாலோ பழுதுநீக்கும் கருவி எதையும் இயக்கக் கூடாது. அவை தட்டில் எழுதுவதால் மீதமுள்ள தரவும் கெடலாம். வாசிப்புப் பிழை மட்டும் இருந்தால், குனு டிடிரெஸ்க்யூ கொண்டு முழுத் தட்டையும் வேறொரு தட்டில் படியெடுத்து, அப்படியின்மீதே பழுதுநீக்க வேண்டும். டக் டக் ஒலி கேட்டால் இணைப்பைத் துண்டித்து, தரவு மீட்பு வல்லுநரிடம் தருவதே ஏற்றது.

கணினியில் இடம் போதவில்லை என்று மூலக் கோப்பை நீக்கி, தட்டில் மட்டும் வைத்திருந்தால் அது காப்புப்படி ஆகாது. அதுவே ஒரே படி. ஒரு கோப்பு குறைந்தது இரண்டு இடங்களிலாவது இருந்தால்தான், தட்டு பழுதானாலும் கோப்பு மிஞ்சும்.