கடைசிப் பிடி காற்று

முறுக்கு உரலில் மாவை அடைத்து மேலிருந்து அமுக்குகிறோம். போக வேறு வழியில்லாத மாவு அச்சின் துளை வழியே வெளியே வருகிறது. டயருக்குக் காற்றடிக்கும் சிறிய இன்ஃப்ளேட்டருக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. பிஸ்டன் பின்னால் போகும்போது வெளிக்காற்று உள்ளே வரும். முன்னால் வரும்போது அது அமுங்கி, குழாய் வழியாக டயருக்குள் போகும். போன காற்று திரும்பாமல் வால்வு மூடிக்கொள்ளும்.

எத்தனை குக்கர்?

குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே அழுத்தம் சுமார் 15 பி.எஸ்.ஐ. கார் டயருக்கு அதைப்போல இரண்டு மடங்கு போதும். ஐரோப்பாவில் நிறைய ஓடும், ஃபியட் டுகாட்டோ மேல் கட்டிய மோட்டார்ஹோம்களில் பின் டயர் 5.5 பார், அதாவது 80 பி.எஸ்.ஐ. வரை கேட்கும். ஐந்து குக்கருக்கும் மேல்! கேரவன் டயர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டுதான் இன்ஃப்ளேட்டர் வாங்கக் கடைக்குப் போக வேண்டும்.

கடைசிப் பிடி

டப்பாவில் மாவு கொட்டும்போது முதல் பாதி சரசரவென்று விழும். கடைசிப் பிடியைக் கையால் அழுத்தித்தான் அடைக்க வேண்டும். இன்ஃப்ளேட்டர் பெட்டியின் மேல் ‘நிமிடத்துக்கு 35 லிட்டர்’ என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் காலி டப்பாவில் கொட்டும் வேகம். டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அந்த வேகம் விழுந்துகொண்டே போகும். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது: 65-இலிருந்து 80-க்கு ஏற்ற எத்தனை நிமிடம் ஆகும்?

சூடு

மிக்ஸியில் கெட்டிச் சட்னியை விடாமல் அரைத்தால் மோட்டார் வாடை வரும். இங்கே மோட்டாரோடு காற்றும் சுடும். அமுக்கப்பட்ட காற்றின் இயல்பு அது. 80 வரை ஏற்றிவிட்டுக் குழாயைக் கழற்றும்போது பித்தளை முனை விரலைச் சுட்டுவிடும், துணி வைத்துப் பிடியுங்கள். எத்தனை நிமிடம் ஓட்டி எத்தனை நிமிடம் ஆறவிட வேண்டும் என்பது கருவியின் கையேட்டில் இருக்கும். நான்கு பெரிய டயர் வைத்திருப்பவர் வாங்குவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

மின்சாரம்

180 வாட் கருவி வீட்டு 230 வோல்ட்டில் ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. அதே 180 வாட்டுக்கு வண்டியின் 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் வேண்டும். லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃபியூஸ் போய்விடலாம். வலுவான இன்ஃப்ளேட்டர்கள் பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப்போடு வருவது அதனால்தான். ஆனால் பேட்டரி முன்னால், டயர் பின்னால். ஒயரும் குழாயும் சேர்ந்து அங்கே எட்டுமா என்று அளந்து பாருங்கள்.

எப்போது அளப்பது?

பொங்கும் பாலை யாரும் அளப்பதில்லை. ஓடிவந்த டயரும் அப்படித்தான்: சூட்டில் அழுத்தம் கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், ஆறியபின் குறைந்து நிற்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன் அளப்பதே சரி.

வாங்கிய அன்றே, வீட்டு வாசலில், பின் டயரில் 10 பி.எஸ்.ஐ. குறைத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். அந்தக் கடைசிப் பிடியைத் திணறாமல் அடைத்துவிட்டால், குடும்பத்தோடு நெடுந்தூரம் போகும்போதும் அந்தக் கருவியை நம்பலாம்.